விளக்கை அணைக்கும் முன்

வலையபட்டியிலிருந்து வெளியூர் போய்ப் படிக்கிற, வேலை பார்க்கிற எங்கள் பிள்ளைகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை உங்கள் கண்களின் நலத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன். சற்று நீளமான மடல். பஸ்ஸிலோ ரயிலிலோ வரும்போது படித்து முடித்துவிடுங்கள். படித்த கையோடு ஒரு வேலையும் செய்ய வேண்டியிருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தை பிறந்துவிட்டால் நம் ஊரின் முகமே மாறிவிடுகிறது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கின்றன. முகப்பில் கோலம் விழுகிறது, பின்கட்டில் கோட்டை அடுப்பு எரிகிறது. சென்னையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறி இரவு காரைக்குடியில் இறங்குகிறவர்கள், பெங்களூரிலிருந்து ஸ்லீப்பர் பஸ்ஸில் விடியற்காலை வந்து சேருகிறவர்கள், சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கிக் கார் பிடித்து வருகிறவர்கள் என்று எல்லோரும் வந்து நிறைகிறீர்கள். கல்யாண வீட்டில் கட்டிலும் மெத்தையும் யார் எதிர்பார்க்கிறார்கள்? இரண்டாம் கட்டில் ஜமக்காளத்தை விரித்தால் இருபது பேர் வரிசையாகப் படுத்துவிடுகிறீர்கள். பேச்சும் சிரிப்பும் அடங்குவதற்குள் மணி ஒன்றாகிவிடும். மூன்றரைக்கு அலங்காரம் செய்கிற பெண் வந்து கதவைத் தட்டிவிடுவாள். நடுவில் கிடைக்கிற அந்த இரண்டரை மணி நேரத் தூக்கத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

அந்தத் தூக்கத்தில் உங்களில் பலர் கண்ணுக்குள் காண்டாக்ட் லென்ஸ் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை பேத்தி ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். பெயர் வேண்டாம். பெங்களூரில் வேலை. சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. மாதம் ஒரு ஜோடி மாற்றுகிற மென்மையான லென்ஸ் போடுகிறவள். வேலை முடிந்த கையோடு பஸ் ஏறியவள், ஓடுகிற பஸ்ஸில் எங்கே கை கழுவி எங்கே கழற்றுவது என்று அப்படியே தூங்கிவிட்டாள். காலையில் வந்து இறங்கியபோது, "கண்ணு ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு ஆயா" என்று கசக்கிக்கொண்டே நின்றாள். நான்தான் செம்பில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு கொடுத்து, "கழுவிக்கம்மா, தூசி போயிரும்" என்றேன். லென்ஸ் கண்ணில் இருக்க, அந்தத் தண்ணீரை நன்றாக அடித்துக் கழுவினாள். அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்கு அன்று தெரியாது.

அன்று ராத்திரி மருதாணி. இரண்டு கையிலும் முழங்கை வரை. பத்து விரலிலும் மருதாணி காய்ந்துகொண்டிருக்க, எந்த விரலை வைத்து லென்ஸைக் கழற்றுவாள்? இரண்டாவது இரவும் அதோடே தூங்கினாள். மறுநாள் முகூர்த்தம், ஓமப் புகை, வீடியோக்காரரின் வெளிச்சம். சாயங்காலம் வலது கண் சிவந்திருந்தது. புகை பட்டிருக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். யாரோ ஒருவர் மருந்துக் கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். விட்டதும் சிவப்பு கொஞ்சம் தணிந்தது, நாங்களும் நிம்மதியாகப் பந்தி பரிமாறப் போனோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு வெளிச் சிவப்பை அடக்கிக் காட்டும், கிருமியோடு போராடுகிற உடம்பின் கையையும் சேர்த்துக் கட்டிப்போடும்.

மறுநாள் விடியற்காலையில் அவள் உள்ளறை இருட்டில், முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலைத் திறந்ததும், "மூடுங்க ஆயா, மூடுங்க!" என்று துடித்துப்போனாள். தலையணை ஒரு பக்கம் நனைந்திருந்தது. இமையை மெல்ல விலக்கிப் பார்த்தேன். கருவிழியின் நடுவை ஒட்டி, கடுகு அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி.

மதுரைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே, "லென்ஸோடு தூங்கினீங்களா?" என்பதுதான். கண்ணை மரக்க வைத்து, புண்ணிலிருந்து துளியளவு சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, பகலிலும் ராத்திரியிலும். போனில் அலாரம் வைத்துக்கொண்டு நானும் என் தங்கையும் முறை போட்டு விழித்திருந்தோம். புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. கண் தப்பியது, தழும்பு நின்றுவிட்டது. பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறது என்கிறாள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், இருபத்தாறு வயதுப் பெண்ணின் கண்ணில் பூ விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதையே நீங்களும் கேட்பீர்கள். "மூணு வருஷமா போடறேன், எத்தனையோ தடவை அப்படியே தூங்கியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்லையே." இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் கருவிழி எப்படி உயிர் வாழ்கிறது என்று தெரிய வேண்டும்.

கருவிழி அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு பளிங்கு. ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அதில் ரத்தக் குழாயே கிடையாது. வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர்ப் படலத்தின் வழியாக நேரே காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடித் தூங்கும்போது இந்த வரவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இமையின் உட்புறத்து ரத்தக் குழாய்கள் கொடுப்பதை வைத்துக்கொண்டு கருவிழி ராத்திரியைக் கழிக்கிறது. லென்ஸ் போடாதவர்களுக்கே விடியும்போது அது லேசாக வீங்கித்தான் இருக்கும். எழுந்து கண்ணைத் திறந்ததும் வடிந்துவிடும். அந்தக் குறைந்த வரவுக்கும் குறுக்கே ஒரு லென்ஸ் கிடந்தால், மேல்தோலின் செல்கள் வலுவிழக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. விழித்திருக்கும்போது நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் கண்ணைக் கழுவித் துடைக்கிற வேலை. கண்ணீரில் கிருமியைக் கொல்லும் பொருள்கள் இருக்கின்றன. தூக்கத்தில் இமைப்பு இல்லை, லென்ஸுக்கு அடியில் உள்ள கண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிறது. கோடையில் வரத்து நின்ற ஊருணியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லென்ஸின் மேல் ஒட்டிக்கொண்டு வந்த கிருமிக்குச் சூடும் ஈரமும் கிடைக்கிறது, நுழையக் கீறலும் கிடைக்கிறது. சூடோமோனாஸ் புகுந்துவிட்டால் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடக் கூடியது. நூறு ராத்திரி ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த நூறு ராத்திரியும் கிருமியும் கீறலும் சந்திக்கவில்லை என்றுதான் பொருள். நூற்றொன்றாவது ராத்திரிக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன. 1989-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் போடுகிறவர்கள் 10,000 பேரில் வருஷத்துக்கு 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. தூங்கும்போதும் விடாமல் போடுகிற வகையினரில் அது 21. தொடர்ந்து 30 நாள் வரை கழற்றாமல் போடலாம் என்று முன்பு அனுமதித்திருந்த அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதே வருஷம் அதை 7 நாளாகக் குறைத்தது. பிறகு ஆக்ஸிஜனை அதிகமாக உள்ளே விடுகிற சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் வந்தன. 2001-இல் அவற்றில் சிலவற்றுக்கு மறுபடி 30 இரவு அனுமதி கிடைத்தது. தொல்லை தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 2008-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. பழைய வகை லென்ஸைப் பகலில் மட்டும் போடுகிறவர்களுக்கு 10,000-க்கு 2 பேர் அளவில் இருந்த தொற்று, அதே லென்ஸோடு தூங்குகிறவர்களுக்கு 19.5 ஆகவும், புதிய வகையோடு தூங்குகிறவர்களுக்கு 25.4 ஆகவும் இருந்தது. காற்று தாராளமாகப் போயும் தொற்று குறையவில்லை, ஏனென்றால் தேங்கிய கண்ணீரும் ஒட்டிய கிருமியும் அப்படியேதான் இருந்தன. ஆகவே, "என் லென்ஸ் பாக்கெட்டில் தூங்கலாம் என்று போட்டிருக்கிறது ஆச்சி" என்று என்னிடம் காட்ட வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் குளிர்ந்த தேசத்துக்கோ நடுத்தரமான தேசத்துக்கோ உரியது. நம் மண்ணில் கருவிழிப் புண் எவ்வளவு சாதாரணம் என்பது உங்கள் ஐயாவுக்கும் அப்பத்தாவுக்கும் தெரியும். கதிர் அறுக்கும்போது நெல் தாள் குத்தியும், தூற்றும்போது உமி விழுந்தும் பூ விழுந்த கண்களோடு எத்தனை பேர் நம் தெருக்களில் நடமாடினார்கள்! 1993-இல் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்குப்படி லட்சத்துக்கு 113 பேருக்கு ஒரு வருஷத்தில் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் அடிபட்ட பிறகுதான் புண் வந்திருந்தது. கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்தது பூஞ்சை, அதிலும் ஃபியூசேரியம் என்ற வகை முன்னால் நின்றது. வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் மண்ணிலும் செடியிலும் அது சாதாரணமாக வாழ்கிறது. இந்தப் பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து மேல் என்று உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சியும் அரவிந்தில்தான் நடந்தது. நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தே மேல் என்று 2013-இல் அதன் முடிவு வெளியாயிற்று. நோய் இங்கே அவ்வளவு மிகுதியாக இருந்ததால்தான் நம் மருத்துவர்கள் அதில் அவ்வளவு தேர்ந்தார்கள்.

அந்தக் காலத்து மனிதர்களுக்கு வேறு வழியில்லை. வயலில் இறங்கினால்தான் சோறு. தாள் எப்போது குத்தும் என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கு அப்படியில்லை. ஏஸி அறைக்குள் வேலை பார்க்கிற உங்கள் கண்ணுக்குள் அந்தத் தாள் வர வழியே இல்லாமல் இருந்தது. லென்ஸோடு தூங்கும்போது அந்தப் புண்ணுக்கு நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் நம் முன்னோர் கட்டியது, தைப்பூசத்துக்கு அங்கே போகிற நீங்கள் 2005-இல் அந்த ஊரில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வருஷம் மார்ச் முதல் அடுத்த வருஷம் மே வரைக்குள் லென்ஸ் போடுகிற 66 பேருக்கு ஃபியூசேரியம் பூஞ்சைப் புண் வந்தது. ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் இதே காலத்தில் வந்தது. பெரும்பாலோர் ஒரே லென்ஸ் சொல்யூஷனைப் பயன்படுத்தியவர்கள். 2006 மே மாதம் அது உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. வயற்காட்டு நோய் என்று நாம் நினைத்திருந்த பூஞ்சை, வயலே இல்லாத ஊரில் லென்ஸ் வழியாகக் கண்ணுக்குள் போனது. சொல்யூஷனை மாற்றியாயிற்று, ஆனால் பழைய சொல்யூஷனின் மேலேயே புதியதை ஊற்றுகிற பழக்கமும், லென்ஸ் டப்பாவை மாதக்கணக்கில் மாற்றாத பழக்கமும் இன்னும் போகவில்லை.

இனி, பெரியவர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. இந்த மடலைப் பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தப் பேத்தி ஏன் லென்ஸைக் கழற்றவில்லை என்று பிறகு கேட்டேன். "கண்ணாடியை எடுத்துட்டு வரலை ஆயா" என்றாள். ஏன் எடுத்து வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். பன்னிரண்டு வயதில் கண்ணாடியோடு ஒரு விசேஷத்துக்கு வந்தபோது, பட்டாலையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், "இந்தச் சோடாபுட்டியை யாரு கட்டுவா?" என்று சிரித்தார்களாம். யார் சொன்னது என்பது அவளுக்கு நினைவில்லை. சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. அதன் பிறகு ஊருக்கு வரும்போது அவள் கண்ணாடி போட்டதே இல்லை. காலையில் காப்பி குடிக்க எல்லோரும் கூடுகிற இடத்தில் கண்ணாடியோடு நிற்கக் கூடாது என்பதற்காகவே பல பிள்ளைகள் லென்ஸோடு எழுந்திருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடி உண்டா என்று கேட்பதும், ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோவில் கண்ணாடியைக் கழற்றச் சொல்வதும் நாம் செய்கிற காரியங்கள்தானே? பிள்ளைகள் கண்ணைப் பறிகொடுக்கிற அளவுக்கு நம் வாய் பேசியிருக்கிறது. நானும் அந்தப் பட்டாலையில் இருந்தவள்தான், சிரித்தவர்களைத் தடுக்காதவள். இனி நம் ஊரில் யாரும் ஒரு பிள்ளையின் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளே, லென்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலில் சுத்தமாகப் போட்டு, தூங்கும் முன் கழற்றுகிறவர்களுக்கு அது நல்ல வசதி. ஊருக்குக் கிளம்பும்போது கைப்பையில் கண்ணாடி, லென்ஸ் டப்பா, சின்னப் பாட்டில் சொல்யூஷன் மூன்றும் இருக்கட்டும். பெட்டியில் வைத்துப் பஸ்ஸின் அடியில் போட்டுவிடாதீர்கள். பிரயாணம் ராத்திரியென்றால் வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு ஏறுங்கள். மருதாணி வைக்க உட்காரும் முன் கழற்றிவிடுங்கள். ஒருநாள் போட்டு எறிகிற லென்ஸ் கல்யாணத்துக்கு நல்லது, அதையும் தூங்கும் முன் எறிந்துவிட வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற தூக்கமும் தூக்கம்தான். சோப்பு போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். டப்பாவில் இருக்கிற பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுங்கள், டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழகுக்காகப் போடுகிற நிற லென்ஸுக்கும் இதே விதிதான். ஒருத்தி போட்டதை இன்னொருத்தி வாங்கிப் போடவே கூடாது.

தண்ணீர் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் செம்பை நீட்டியவள் நான். கிணறு, குழாய், ஊருணி, கேன் தண்ணீர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. லென்ஸை டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பதும், லென்ஸோடு ஊருணியில் குளிப்பதும் கூடாது. அகாந்தமீபா என்ற ஒரு செல் உயிரி தண்ணீரில் சர்வசாதாரணமாக இருக்கிறது. கண்ணில் புகுந்தால் உறை போட்டுக்கொண்டு மருந்துக்கு அசையாமல் கிடக்கும். மாதக்கணக்கில் வைத்தியம் செய்ய வேண்டிவரும். தப்பித்தவறி லென்ஸோடு தூங்கிவிட்டால், எழுந்ததும் பிய்த்து எடுக்காதீர்கள். கண்ணுக்கென்று உள்ள, ஈரமூட்டும் சொட்டு மருந்தை விட்டு, சில நிமிஷம் இமைத்து, லென்ஸ் தானாக நகர ஆரம்பித்ததும் எடுங்கள். அன்று முழுக்கக் கண்ணாடி.

சிவப்பு, வலி, கூச்சம், நீர் வடிதல், மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், மருந்துக் கடையில் கேட்டு எதையும் விடாதீர்கள். தாய்ப்பால், பன்னீர், தேன் என்று நாங்கள் எதையாவது எடுத்து வந்தாலும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், கிருமியை அதிலிருந்தும் கண்டுபிடிக்க முடியும். மதுரை இரண்டு மணி நேரப் பிரயாணம்தான். முகூர்த்தத்தைவிடக் கண் முக்கியம், யாராவது ஏதாவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். கிட்டப்பார்வை கூடாமல் இருக்க ராத்திரியில் போடுகிற கெட்டி லென்ஸோ, புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல வைக்கிற லென்ஸோ மருத்துவரே கொடுத்திருந்தால், அது அவர் கண்காணிப்பில் நடப்பது. அவர் சொன்னபடி செய்யுங்கள்.

ஆரம்பத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான். இப்போதே உங்கள் கைப்பையைத் திறந்து, கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள்.

போன தையில் இன்னொரு கல்யாணம். அந்தப் பேத்தி கண்ணாடி போட்டுக்கொண்டே வந்தாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு விளக்கை அணைக்க நான் இரண்டாம் கட்டுக்குப் போனபோது, அவள் கையில் டார்ச்சோடு, ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகளின் கால்மாட்டில் நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியாகத் தட்டி, "லென்ஸைக் கழட்டிட்டியா?" என்று கேட்டாள். ஐந்தாவதாகப் படுத்திருந்த பெண் முனகிக்கொண்டே எழுந்து, டப்பாவைத் தேடிக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குக் கை கழுவப் போனாள். அவள் திரும்பி வந்து படுக்கும்வரை நாங்கள் இருவரும் விளக்கை அணைக்காமல் நின்றிருந்தோம்.

அன்புடன்,
உங்கள் ஆச்சி
வலையபட்டி